பஞ்சம் பொழைக்க வந்த குடும்பங்களை படம் எடுக்கறது: புதுசா தொடங்குறவங்களுக்கு ஒரு விளக்கம்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இப்ப கேமரா வச்சிருக்கற பிள்ளைங்க நிறைய. கல்யாணம், கோயில் கொடை, சர்ச் திருவிழா, முட்டத்துல சூரியன் மறையறது, மாத்தூர் தொட்டிப்பாலம், முப்பந்தல் காத்தாடின்னு எல்லாம் எடுத்து கை பழகினதுக்கு அப்புறம் சிலருக்கு மனுஷங்க வாழ்க்கையை எடுக்கணும்னு ஆசை வருது. நல்ல ஆசை அது. ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு போறாங்க, அங்க வேலை செய்யற வெளியூர் குடும்பத்துல ஒரு சின்ன பிள்ளையோட அழுக்கு முகத்தை கிட்டப் போய் எடுக்கறாங்க, கருப்பு வெள்ளையா மாத்தறாங்க, கீழ "வறுமை"ன்னு ஒரே ஒரு சொல் போட்டு பதிவு பண்றாங்க. படம் அழகாத்தான் இருக்கும், ஆனா அது இன்னும் ஆவணப் புகைப்படம் ஆகல. அதுக்கு இன்னும் என்ன வேணும்ங்கறதைத்தான் இங்க எழுதறேன்.

ஆவணப் புகைப்படம்னா பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. நடந்ததை நடந்தபடி எடுத்து, இது யாரு, எந்த ஊரு, என்ன தேதி, எதனால இப்படின்னு அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் பார்த்தாலும் புரியற மாதிரி வைக்கிறது, அவ்வளவுதான். ஒரு நிலப் பத்திரத்துல சர்வே நம்பரும் நாலு எல்லையும் இல்லாம "நல்ல நிலம், தென்னை நிக்குது"ன்னு மட்டும் எழுதியிருந்தா அதை யாரும் பத்திரம்னு ஒத்துக்க மாட்டாங்கல்ல, அதே மாதிரி படத்தோட கூட வர்ற குறிப்பு இல்லைன்னா எவ்வளவு நல்ல படமும் அரைகுறைதான். நான் சொல்ல வர்றது முழுக்க இந்த ஒரு விஷயம்தான். இதுக்கு உலகத்துலயே பெரிய உதாரணம் அமெரிக்காவுல 1930கள்ல நடந்த வேலை, அதனால கொஞ்சம் அங்க போயிட்டு வருவோம்.

அமெரிக்காவோட நடுப்பகுதியில ஓக்லஹோமா, கன்சாஸ், டெக்சாஸ், கொலராடோன்னு பெரிய சமவெளி இருக்கு. காலம் காலமா புல்லு மூடிக் கிடந்த தரை. முதல் உலகப் போர் சமயத்துல கோதுமைக்கு நல்ல விலை கிடைச்சதும் அந்தப் புல்லை எல்லாம் உழுது தள்ளிட்டாங்க. 1930கள்ல மழை பொய்ச்சப்ப மண்ணைப் பிடிச்சு வைக்க வேர் இல்ல, மேல் மண்ணு அப்படியே காத்துல எழும்பி பகலை இருட்டாக்கிருச்சு. 1935 ஏப்ரல் 14ஆம் தேதி அடிச்ச புழுதிப் புயலை அங்க இன்னைக்கும் கருப்பு ஞாயிறுன்னுதான் சொல்றாங்க. ஆனா மழை மட்டும் காரணம் இல்ல, இதை நல்லா மனசுல வச்சுக்குங்க, 1929ல பங்குச் சந்தை விழுந்து பொருளாதாரம் நொறுங்கியிருந்தது, விளைபொருளுக்கு விலை இல்ல, பேங்குக்காரன் கடனுக்கு நிலத்தை எடுத்துக்கிட்டான், டிராக்டர் வந்ததும் குத்தகைக்கு இருந்த குடும்பங்களை நிலக்காரங்களே வெளிய அனுப்பிட்டாங்க. இப்படி எல்லாம் சேர்ந்து அந்தப் பத்து வருஷத்துல சுமார் 25 லட்சம் பேர் அந்த சமவெளி மாநிலங்களை விட்டு கிளம்பினாங்க, அதுல 2 லட்சம் பேருக்கு மேல கலிபோர்னியா போனாங்க. பழைய கார்ல பாயி, சட்டி, அடுப்பு எல்லாம் கட்டி ஏத்திக்கிட்டு போய் அங்க பட்டாணி, பருத்தி, ஆரஞ்சுன்னு எது விளையுதோ அந்த ஊருக்கு போய் பறிக்கற கூலி. போன இடத்துல மரியாதையும் இல்ல, ஓக்லஹோமாக்காரன்ங்கறதைச் சுருக்கி "ஓக்கி"ன்னு இளக்காரமா கூப்பிட்டாங்க. 1936ல லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் மாநில எல்லைக்கே போய் நின்னு, கையில காசு இல்லாதவங்களை திருப்பி அனுப்பினதும் நடந்தது.

இவங்க நிலைமையை நாட்டுக்கு காட்டணும்னு அரசாங்கமே போட்டோகிராபர்களை வேலைக்கு வச்சது. 1935ல மறுகுடியேற்ற நிர்வாகம்னு ஒரு துறை தொடங்கினாங்க, 1937ல அது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம்னு மாறிச்சு. படப்பிரிவுக்கு தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், இவர் போட்டோகிராபர் இல்ல, பொருளாதாரம் படிச்சவர். அவருக்கு கீழ டோரதியா லாங்கே, வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ரோத்ஸ்டீன், ரசல் லீ, மேரியன் போஸ்ட் வோல்காட், பிற்பாடு கார்டன் பார்க்ஸ்னு பலர் வேலை செஞ்சாங்க. சுமார் 1,75,000 கருப்பு வெள்ளை நெகட்டிவ் இன்னைக்கும் அமெரிக்காவோட காங்கிரஸ் நூலகத்துல இருக்கு, நெட்ல யார் வேணா காசில்லாம பார்க்கலாம், இறக்கிக்கலாம். புதுசா தொடங்குறவங்க வேற எந்த கிளாசுக்கும் போகறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அதைப் பார்க்கணும்னு சொல்லுவேன், படத்தை மட்டும் இல்ல, கீழ எழுதியிருக்கறதையும் சேர்த்து.

இதுல எல்லாருக்கும் தெரிஞ்ச படம் ஒண்ணு உண்டு. கன்னத்துல கை வச்ச ஒரு அம்மா, ரெண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கிட்ட ரெண்டு பிள்ளைங்க, மடியில கைக்குழந்தை. "புலம்பெயர்ந்த தாய்"னு பேர். 1936 மார்ச்ல கலிபோர்னியாவுல நிப்போமோங்கற ஊர்ல லாங்கே எடுத்தது. லாங்கே சின்ன வயசுல போலியோ வந்து ஒரு கால் ஊனமானவங்க, சான் பிரான்சிஸ்கோவுல வசதியானவங்களுக்கு ஸ்டுடியோ வச்சு படம் எடுத்துக்கிட்டிருந்தவங்க, வேலை இல்லாதவங்க கஞ்சிக்கு வரிசையில நிக்கறதைப் பார்த்துட்டு கேமராவோட தெருவுக்கு வந்தவங்க. அன்னைக்கு வேலை முடிஞ்சு வீட்டுக்கு கார்ல போயிட்டிருக்காங்க, வழியில பட்டாணி பறிக்கறவங்க முகாம்னு ஒரு போர்டு, அதைத் தாண்டி 20 மைல் போயிட்டாங்க, மனசு கேக்காம திரும்பி வந்தாங்க. பட்டாணிப் பயிர் உறைபனி மழையில அழிஞ்சு போயி முகாம்ல வேலை இல்லாம ஜனங்க பசியோட கிடக்காங்க. அங்க ஒரு கூடாரத்துல இந்த அம்மா.

லாங்கே அங்க எடுத்த மத்த படங்களையும் வரிசையா பாருங்க, பாடமே அதுலதான் இருக்கு. முதல்ல தூரத்துல இருந்து கூடாரம் முழுசும், முன்னாடி ஒரு நாற்காலியில உக்காந்த பெரிய பொண்ணு, அப்புறம் கொஞ்சம் கிட்ட, இன்னும் கிட்ட, கடைசியில முகமும் கையும் மட்டும். ஒவ்வொரு அடி கிட்டப் போகும்போதும் உணர்ச்சி கூடுது, அதே சமயம் தகவல் குறையுது. தூரப் படத்துல கூடாரத் துணி தெரியுது, தரை தெரியுது, எத்தனை பேருன்னு தெரியுது. கடைசிப் படத்துல இது எந்த நாடுன்னு கூட தெரியாது. அந்த கடைசிப் படம்தான் உலகம் முழுக்க போச்சு.

அந்தப் படங்களால நடந்த நல்லதை மறைக்கக் கூடாது. அந்த வரிசைப் படங்கள் சான் பிரான்சிஸ்கோ பேப்பர்ல வந்த சூட்டோட அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9,000 கிலோ சாப்பாட்டுப் பொருள் அனுப்பிச்சு. எத்தனையோ பேர் பசி ஆறியிருக்கும். ஆனா படத்துல இருந்த குடும்பம் அதுக்குள்ள வேற ஊருக்கு கிளம்பிப் போயாச்சு.

லாங்கே அந்த அம்மா பேரைக் கேக்கல. பிற்பாடு லாங்கேயே இதை எழுதியிருக்காங்க, பேரும் கேக்கல, கதையும் கேக்கல, வயசு 32ன்னு சொன்னாங்கன்னு. அந்த அம்மா யாருன்னு உலகத்துக்கு தெரிய 1978 ஆச்சு, 42 வருஷம். புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்னு பேர், செரோக்கீ பழங்குடி, ஓக்லஹோமா பக்கம் பிறந்தவங்க. அப்பத்தான் பல விஷயம் வெளிய வந்தது. கார் டயரை வித்து சாப்பாடு வாங்கினாங்கன்னு லாங்கே எழுதின குறிப்பு தப்புன்னு குடும்பம் சொல்லிச்சு, எங்க கார்ல இருந்த டயரைத் தவிர வேற டயரே எங்ககிட்ட இல்ல, அந்தக் கார்லதான் அங்கிருந்து போனோம்னு. அவங்க அந்த முகாம் ஆளுங்களே இல்ல, கார் ரிப்பேர் ஆகி வழியில நின்னவங்க. அதை விட முக்கியம், புழுதிப் புயல்ல ஊரை விட்டு ஓடி வந்தவங்களுக்கு அடையாளமா உலகமே வச்சிருக்கற அந்த முகம், அந்தப் புயலுக்கு பல வருஷம் முன்னாடி 1920கள்லயே கலிபோர்னியா வந்து சேர்ந்த ஒருத்தரோட முகம். படத்தை யாருக்கும் விக்க மாட்டேன், ஒரு காப்பி அனுப்பறேன்னு லாங்கே சொன்னாங்க, அனுப்பவே இல்ல, எனக்கு ஒரு பைசா கிடைக்கலன்னு தாம்சன் வருத்தப்பட்டிருக்காங்க. லாங்கேக்கும் அந்தப் படத்துல தனியா காசு வரல, அரசாங்கப் படம் அது, ஆனா பேர் வந்தது. 1983ல தாம்சன் நோய்ல படுத்தப்ப அந்தப் படத்தை வச்சுத்தான் பொதுமக்கள்கிட்ட உதவி கேட்டாங்க, 30,000 டாலருக்கு மேல வந்தது, கொஞ்ச நாள்ல அவங்க இறந்துட்டாங்க.

இன்னொரு சின்ன விஷயம். மூலப் படத்துல வலது கீழ் மூலையில கூடாரக் கம்பைப் பிடிச்ச ஒரு கட்டை விரல் தெரியும். அது கண்ணை உறுத்துதுன்னு சில வருஷம் கழிச்சு லாங்கே அதை மறைக்க வச்சாங்க, ஸ்ட்ரைக்கருக்கு அதுல உடன்பாடே இல்ல. இப்ப மொபைல்ல ஒரு தட்டு தட்டினா பின்னாடி நிக்கற ஆளையே காணாம பண்ணிரலாம். கல்யாண ஆல்பத்துல பண்ணிக்கோங்க, ஆவணப் படத்துல கூடாது. வெளிச்சம் கூட்டலாம் குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம், ஆனா அங்க இருந்த ஒரு பொருளை எடுக்கவும் கூடாது, இல்லாததை சேர்க்கவும் கூடாது.

என் கருத்து என்னன்னா லாங்கே எடுத்ததுலயே ரொம்ப பேர் வாங்கின அந்தப் படம்தான் ஆவணமா பார்த்தா அவங்க வேலையிலயே ரொம்ப பலவீனமானது. ஏன்னா மத்த நேரம் அவங்க அப்படி வேலை செய்யறவங்களே இல்ல. ஒருத்தர்கிட்ட பேசிட்டு உடனே கார்ல போய் உக்காந்து, அவங்க சொன்ன வார்த்தையை மாறாம அப்படியே நோட்ல எழுதிக்குவாங்க. அவங்க வீட்டுக்காரர் பால் டெய்லர் விவசாயக் கூலிகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணின பொருளாதாரப் பேராசிரியர், அவர் கூலி எவ்வளவு, எந்த மாநிலத்துல இருந்து வந்தாங்க, எத்தனை பேருன்னு கணக்கெடுக்க, இவங்க படம் எடுக்க, ரெண்டையும் சேர்த்து 1935ல அரசாங்கத்துக்கு அறிக்கையா குடுத்தாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் கூலிக் குடும்பங்களுக்கு தண்ணியும் கக்கூசும் உள்ள முகாம் கட்ட முதல்ல பணம் ஒதுக்கினாங்க, மேரிஸ்வில், ஆர்வின்னு ரெண்டு இடத்துல வந்தது. இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல, நிப்போமோ படங்கள் ஒரு தடவை சாப்பாடு அனுப்ப வச்சது, படமும் கணக்கும் பேச்சும் சேர்ந்த அறிக்கை முகாமையே கட்ட வச்சது.

நம்பகத்தன்மை போனா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க ரோத்ஸ்டீன் கதையைப் படிக்கணும். 1936ல தெற்கு டகோட்டாவுல வெடிச்சுக் கிடந்த தரையில ஒரு மாட்டு மண்டை ஓட்டைப் பார்த்தார், வெளிச்சம் நிழலுக்காக அதை சில அடி தள்ளி வேற இடத்துலயும் வச்சு எடுத்தார். அது தேர்தல் வருஷம், அப்ப ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட்டை எதிர்த்த பேப்பர்காரங்க ஒரே மண்டை ஓடு ரெண்டு இடத்துல இருக்கறதைக் கண்டுபிடிச்சு, வறட்சியே அரசாங்கம் ஜோடிச்சதுன்னு எழுதிட்டாங்க. வறட்சி நிஜம், மாடு செத்ததும் நிஜம், ஆனா ஒரு பொருளை நகர்த்தினதுல அத்தனை பேர் கஷ்டமும் பொய்யா நிக்க வேண்டி வந்தது. 2017ல நம்ம தமிழ்நாட்டு விவசாயிங்க டெல்லி ஜந்தர் மந்தர்ல மண்டை ஓட்டோட உக்காந்தாங்களே, அது வேற விஷயம், அதையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும். 2016ல வடகிழக்கு பருவமழை வழக்கத்தை விட 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு, 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்சதா அரசு அறிவிச்சது, அதுக்கப்புறம் நடந்த போராட்டம் அது. அங்க மண்டை ஓட்டைக் கொண்டு வந்தவங்க விவசாயிங்களே, தற்கொலை பண்ணினவங்களோடதுன்னு அவங்களே சொன்னாங்க, அவங்க எதைக் காட்டணும்னு நினைச்சாங்களோ அதை போட்டோகிராபர் எடுத்தார். போட்டோகிராபர் தன் கையால கொண்டு போய் வைக்கறதுக்கும் இதுக்கும் தூரம் அதிகம்.

நம்ம நாட்டுலயும் இந்த வரலாறு பழசு. தாது வருஷப் பஞ்சம்னு பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீங்க, 1876ல இருந்து 1878 வரைக்கும் சென்னை மாகாணத்தை உலுக்கினது. அப்ப வில்லோபி வாலஸ் ஹூப்பர்ங்கற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமா இருந்தவங்களை கும்பலா உக்கார வச்சு எடுத்த படங்கள் இன்னைக்கும் சுத்துது, ஒருத்தருக்கும் பேர் இல்ல. படம் எடுத்துட்டு அவங்களுக்கு என்ன பண்ணினார்னு அந்தக் காலத்துலயே கண்டனம் எழுந்தது. 1943 வங்கப் பஞ்சத்தப்ப சுனில் ஜனாங்கற போட்டோகிராபர் அங்க ஊர் ஊரா போய் எடுத்தது வேற மாதிரி, எழுதறவரும் படம் வரையறவரும் கூடவே போனாங்க, கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையில கட்டுரையோட சேர்ந்து வந்தது, பஞ்சத்துக்கு காரணம் யாருன்னு கேட்டது. ரெண்டுலயும் தெரியற உடம்பு ஒரே மாதிரிதான், ஆனா பார்க்கறவன் மனசுல எழற கேள்வி வேற.

2020 ஊரடங்கு நமக்கு கண்ணு முன்னாடி நடந்தது. டெல்லியில ரோட்டோரம் போன்ல பேசிக்கிட்டே ஒருத்தர் கதறி அழற படத்தை பிடிஐ செய்தி நிறுவனத்தோட அதுல் யாதவ் எடுத்தார். எங்க போகணும்னு கேட்டதுக்கு யமுனையைத் தாண்டி "அங்க"ன்னு கை காட்டினார் அந்த ஆள், பீகார்ல இருக்கற ஊருக்கு. யாதவ் அவருக்கு பிஸ்கெட்டும் தண்ணியும் குடுத்தார், ஆனா அந்தப் பதட்டத்துல பேரும் நம்பரும் வாங்க முடியல, அது அவரை விடாம உறுத்திச்சு. பிற்பாடு மத்த பத்திரிகைக்காரங்க தேடிப் பிடிச்சப்பதான், பெத்த பிள்ளை ஊர்ல செத்துப் போன விஷயம் வெளிய வந்தது. அந்த விவரம் வந்ததுக்கு அப்புறம் திரும்ப படத்தைப் பார்த்தா அதே அழுகை எங்க இருந்து வருதுன்னு தெரியுது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். ரெண்டு பருவமழையும் பெய்யற மாவட்டம், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணி, கன்னிப்பூ கும்பப்பூன்னு ரெண்டு போகம், ரப்பர், தென்னை, வாழை. அதனால மத்த இடத்துல மழை பொய்ச்சவங்க இங்க வர்றது எப்பவும் உள்ளதுதான். கும்பப்பூ அறுத்ததும் காலியான வயல்ல கிடை போட கிழக்க இருந்து ஆட்டுக்காரங்க குடும்பத்தோட வருவாங்க, வாத்து மேய்க்கறவங்களும் வருவாங்க. சூளையில கல் அறுக்க வெளி மாவட்டத்துல இருந்து வர்றாங்க. இப்ப பத்துப் பதினைஞ்சு வருஷமா அஸ்ஸாம், மேற்கு வங்கம், ஒடிசா, ஜார்கண்ட், பீகார்ல இருந்து வர்றவங்க ஜாஸ்தி. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டறதுல இருந்து ஓட்டல், கட்டட வேலை, மீன் கம்பெனின்னு இல்லாத இடமே இல்ல. அஸ்ஸாம்ல திப்ருகர்ல கிளம்பி 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடற விவேக் எக்ஸ்பிரஸ், நாட்டுலயே அதிக தூரம் போற ரயில், நம்ம கன்னியாகுமரியிலதான் வந்து நிக்குது. அந்த பிளாட்பாரத்துல இறங்கற ஒவ்வொரு குடும்பமும் கையில என்ன கொண்டு வருதுன்னு பார்த்தாலே ஒரு வருஷத்துக்கு எடுக்க விஷயம் இருக்கு.

ஆனா வந்தவங்க எல்லாரையும் "வறட்சியால வந்தவங்க"ன்னு நீங்களா எழுதிராதீங்க, தாம்சன் விஷயத்துல நடந்தது இதுதான். ஒடிசாவோட பொலாங்கீர், நுவாபடா பக்கம் வறட்சி நிஜம், அங்க முன்பணம் வாங்கிட்டு குடும்பத்தோட சூளைக்கு போற வழக்கம் பல வருஷமா இருக்கு. அஸ்ஸாம்ல இருந்து வர்றவருக்கு தண்ணி இல்லாதது பிரச்சினையா இருக்காது, ஆறு நிலத்தை அரிச்சுட்டுப் போனதா இருக்கும். இன்னொருத்தருக்கு தங்கச்சி கல்யாணக் கடன். பலருக்கு இங்க கூலி கூட, அவ்வளவுதான் காரணம். கேட்டாத்தான் தெரியும். கேக்கறதுக்கு மொழி வேணும், இந்தி தெரிஞ்ச ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க, ஆனா அந்த ஆளு மேஸ்திரியாவோ முதலாளியாவோ இருக்கக் கூடாது. மேஸ்திரி பக்கத்துல நிக்கும்போது எல்லாரும் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க.

கேமராவுக்கு எதிர்ப்பக்கம் நிக்கறது எப்படி இருக்கும்னு நம்ம கடற்கரை ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2017 நவம்பர் 30ல ஓகி புயல் அடிச்சு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு ஊர் ஊரா ஆம்பளைங்க கடல்ல இருந்து திரும்பாம போனப்ப, வாசல் வாசலா கேமரா வந்து நின்னது. காணாம போனவங்க போட்டோவைக் கையில பிடிச்சுக்கிட்டு அம்மாமாரும் பெண்டாட்டிமாரும் நின்னாங்க, அந்த அழுகையை எடுத்துக்கிட்டு பலர் போயிட்டாங்க, தேடுற படகு ஏன் தாமதமாச்சு, கடலுக்குள்ள இருந்தவங்களுக்கு ஏன் நேரத்துக்கு தகவல் போகலன்னு கேட்டு எழுதினவங்களும் இருந்தாங்க. சூளையில கேமராவைத் தூக்கும்போது நீங்க இந்த ரெண்டுல யாருன்னு யோசிச்சுக்குங்க.

இனி வேலைக்கு வருவோம். மொபைல் போதும். முதல் நாள் எடுக்கவே எடுக்காதீங்க, போய் பேசுங்க, ஒரு சாயா குடிங்க, எதுக்கு எடுக்கறீங்க, எங்க போடப் போறீங்கன்னு சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுரணும், சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டினதை சம்மதம்னு எடுத்துக்கக் கூடாது. முன்பணம் வாங்கி வந்த குடும்பம் கடன் கழியற வரைக்கும் வெளிய போக முடியாம இருக்கலாம், கொத்தடிமை முறையை 1976லயே சட்டம் போட்டு ஒழிச்சிருக்கு, ஆனா அப்படி ஒரு இடத்துல அவங்க முகம் தெரியற படத்தை நீங்க நெட்ல போட்டா அடி வாங்கறது அவங்கதான், நீங்க இல்ல. அங்க முகம் காட்டாம எடுக்க வழி இருக்கு, கை, முதுகு, படுக்கற இடம், சுவத்துல தொங்கற பை, பாத்திரம், கூலிக் கணக்கு எழுதின சின்ன நோட்டு. மொபைல்ல லொக்கேஷன் பதியறதை அணைச்சு வைங்க, அப்படிப்பட்ட படத்தை வெளியிடறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்டயோ தொழிலாளர் சங்கத்துலயோ கேளுங்க. பிள்ளைங்களை எடுக்கறதா இருந்தா அம்மா அப்பாவைக் கேட்டுட்டு எடுங்க, உடுப்பு இல்லாம நிக்கற பிள்ளையை எடுக்கவே வேண்டாம், உங்க வீட்டுப் பிள்ளையை அப்படி எடுத்து ஒருத்தன் போட்டா நீங்க சும்மா இருப்பீங்களா.

எடுக்கும்போது நின்னுக்கிட்டு கீழ பார்த்து எடுக்காம அவங்க உக்காந்திருந்தா நீங்களும் உக்காருங்க, கண்ணு மட்டத்துக்கு கேமரா வந்ததும் படத்தோட குணமே மாறும். தகர ஷெட்டுக்குள்ள இருட்டா இருக்கும், பிளாஷ் அடிக்காம வாசல் வெளிச்சத்துக்கு பக்கவாட்டுல உக்காரச் சொல்லுங்க, அப்படி சொன்னா அதையும் குறிப்புல எழுதுங்க, எழுதிட்டா அது ஏமாத்து இல்ல. தூரப் படம், நடு தூரம், கிட்டப் படம் மூணும் கட்டாயம் வேணும். ஷெட் எங்க இருக்கு, பக்கத்துல தண்ணிக் குழாய் இருக்கா, எத்தனை குடும்பம் ஒரு வரிசையில இருக்குன்னு தூரப் படம்தான் சொல்லும், அது லைக் வாங்காது, ஆனா நாளைக்கு ஒரு அதிகாரி முன்னாடி வைக்கணும்னா அதுதான் பேசும். கஷ்டத்தை மட்டும் தேடாதீங்க, ராத்திரி வீடியோ கால்ல ஊர்ல இருக்கற பிள்ளையைப் பார்த்து சிரிக்கறதும், ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டு வெளிய போறதும் அவங்க வாழ்க்கைதான். கார்டன் பார்க்ஸ் 1942ல வாஷிங்டன்ல எல்லா வாட்சன் (Ella Watson)ங்கற துப்புரவுப் பணியாளரை ஒரே படத்தோட விடல, அவங்க வீடு, பேரப் பிள்ளைங்க, தேவாலயம்னு வாரக்கணக்கா கூடவே போனார், அதனாலதான் அவங்க பேர் இன்னைக்கும் படத்தோட நிக்குது.

எடுத்ததுல எதை வைக்கறது எதைத் தள்ளறதுங்கறதும் பெரிய வேலை. ஸ்ட்ரைக்கர் தனக்கு பிடிக்காத நெகட்டிவ்ல ஓட்டை போட்டு கெடுத்துருவார், போட்டோகிராபர்கள் கெஞ்சினதுக்கு அப்புறம்தான் அந்தப் பழக்கத்தை விட்டார். ஓட்டை விழுந்த படங்களும் இன்னைக்கு ஆவணக் காப்பகத்துல இருக்கு, அதுல எத்தனையோ நல்ல படம். அதனால எதையும் அழிக்காதீங்க, இன்னைக்கு பயன் இல்லைன்னு தோணற படத்துல பத்து வருஷம் கழிச்சு தேடற விஷயம் இருக்கும்.

குறிப்பு எழுதறது அன்னைக்கு ராத்திரியே முடியணும். மாதிரிக்கு ஒண்ணு சொல்றேன், "தோவாளை தாலுகா சூளை, மார்ச் இத்தனாம் தேதி காலை ஆறு மணி, கல் அறுக்கற கணவன் மனைவி, சொந்த ஊர் இன்ன மாவட்டம், இங்க இது எத்தனையாவது சீசன், ஆயிரம் கல்லுக்கு கூலி இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, ஊர்ல நிலம் இருக்கு இல்ல, பிள்ளைங்க படிக்குது படிக்கல", அதுக்கு கீழ அவங்க சொன்ன ஒரு வாக்கியம், அவங்க மொழியிலயே தமிழ் எழுத்துல, பக்கத்துல அதோட அர்த்தம். பேர் போடலாமா, வேற பேர் போடணுமான்னு அவங்களையே கேளுங்க. "கண்ணீர்", "ஏழ்மையிலும் சிரிப்பு" மாதிரி தலைப்பு வேண்டவே வேண்டாம், அது உங்க மனசுல இருக்கறது, அவங்களைப் பத்தி ஒரு தகவலும் அதுல இல்ல.

பிரிண்ட் போட்டுக் குடுக்கறதை தள்ளிப் போடாதீங்க. சின்ன சைஸ் பிரிண்ட் நாகர்கோவில்ல எந்த ஸ்டுடியோவுலயும் குறைஞ்ச காசுக்கு கிடைக்கும். பல குடும்பத்துக்கு எல்லாரும் சேர்ந்து நிக்கற ஒரு படம் கூட இருக்காது, அவங்க கேக்கறதும் அதைத்தான், நல்லா தலை சீவி உடுப்பு மாத்தி வரிசையா நின்னு எடுக்கச் சொல்லுவாங்க. எடுத்துக் குடுங்க, உங்க தொகுப்புல அதையும் வைங்க, தங்களை எப்படிப் பார்க்கணும்னு அவங்க நினைக்கறாங்கங்கறதுக்கு அதை விட நல்ல ஆவணம் இல்ல. அவங்க நம்பர், ஊர்ல இருக்கற ஒருத்தர் நம்பர் ரெண்டும் வாங்கி வைங்க, சீசன் முடிஞ்சா ஆள் எங்க போனாங்கன்னு தெரியாமப் போயிரும்.

சூளைக்கு போக பயமா இருந்தா கீரிப்பாறை பக்கம் தொடங்கலாம். பஞ்சத்துக்கு பயந்து இலங்கை மலைத் தோட்டத்துக்கு போன தமிழ்க் குடும்பங்கள், 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் திரும்பி வந்தப்ப அதுல ஒரு பகுதிக்கு அரசு ரப்பர் தோட்டத்துல வேலை குடுத்தாங்க. மூணு நாலு தலைமுறை இடம் மாறின கதை, தமிழ்லயே பேசலாம், பெட்டியில பழைய பாஸ்போர்ட் படமும் கடுதாசியும் வச்சிருக்கறவங்க இருப்பாங்க, அதை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டே அந்தப் பழைய படத்தையும் கையையும் சேர்த்து எடுங்க.

சூளைதான்னு முடிவு பண்ணிட்டா ஒரே குடும்பம், ஒரே சீசன் போதும். ஜூன்ல இடவப்பாதி மழை இறங்கினதும் கல் அறுக்கறது நின்னு பலர் ஊருக்கு கிளம்பிருவாங்க, அதனால பிப்ரவரி மார்ச்லயே போய் பேச்சுக் குடுங்க, அவங்க ரயில் ஏறற நாளை முன்னாடியே கேட்டு வச்சு, பிரிண்டை அதுக்கு ஒரு வாரம் முன்னால கையில சேர்த்துருங்க.